கேட்பதற்கு ஒரு செவி

இல்லமும் பள்ளியும் – திங்கள் தொடர்

கோடை விடுமுறை முடிந்து பள்ளிக் கதவுகள் திறந்துவிட்டன. சீருடை தைத்தாயிற்று, நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போட்டாயிற்று, பேருந்துச் சீட்டுக்கும் படிவம் கொடுத்தாயிற்று. இந்த ஆரவாரமெல்லாம் அடங்கிச் சில வாரங்கள் சென்றபின், சில இல்லங்களுக்குப் பள்ளியிலிருந்து ஒரு சிறு சீட்டு வருவதுண்டு. இந்நாளில் அது கைப்பேசிச் செய்தியாகவும் வருகிறது. "தங்கள் மகனைக் குறித்துப் பள்ளி ஆலோசகர் தங்களோடு பேச விரும்புகிறார். வருகிற வியாழனன்று வந்து காணவும்" என்பது அதன் வாசகம்.

அச்சீட்டைக் கண்டதும் வீடு கலங்குகிறது. "என்னடா செய்து தொலைத்தாய்?" என்று தந்தை சீறுகிறார். "என் பிள்ளைக்கு என்ன குறை? நாலு பேர் கேட்டால் பைத்தியம் என்று சொல்லமாட்டார்களா?" என்று தாய் கண் கலங்குகிறார். "நம் வீட்டுச் சங்கதியை அந்நியரிடம் போய்ச் சொல்வதாவது!" என்று பாட்டி தலையில் அடித்துக்கொள்கிறார். மூவருடைய பேச்சையும் கேட்டபடி அந்தப் பிள்ளை சுவரோரமாய் நிற்கிறான். அவனை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

தந்தையின் சொல்லில் இருப்பது குற்றத்தைப் பற்றிய அச்சம். தாயின் சொல்லில் இருப்பது நோயைப் பற்றிய அச்சம். பாட்டியின் சொல்லில் இருப்பது குடும்ப மானத்தைப் பற்றிய அச்சம். இம்மூன்று அச்சங்களாலும் எத்தனையோ பிள்ளைகளுக்குத் தக்க வேளையில் கிடைக்க வேண்டிய உதவி கிடைக்காமற் போகிறது. ஆகவே பள்ளி ஆலோசகர் என்பவர் யார், அவர் பணி யாது, அப்பணியில் பெற்றோருக்குள்ள பங்கு எது என்பவற்றை இத்திங்கள் நாம் சற்று விரிவாகவே சிந்திப்போம்.

சொல்லின் பொருள்

ஆலோசகர் என்றதும், ஆலோசனை சொல்பவர் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆலோசனை சொல்ல நம் ஊரில் ஆளுக்கா பஞ்சம்? மாமா சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார், தேநீர்க் கடையில் நிற்பவரும் சொல்வார். அதற்கென ஒருவரைப் பள்ளியில் அமர்த்துவானேன்?

இப்பணிக்கு நம் தமிழில் வழங்கும் மற்றொரு பெயர் இந்த ஐயத்தைத் தீர்க்கும். 'ஆற்றுப்படுத்துதல்' என்பது அப்பெயர். அதைச் செய்பவர் 'ஆற்றுப்படுத்துநர்'. ஆறு என்றால் வழி. பத்துப்பாட்டில் ஆற்றுப்படை நூல்கள் ஐந்து உள்ளன. பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, எவ்வழிச் சென்றால் வள்ளலைக் காணலாம் என்று காட்டுவதே அவற்றுட் பெரும்பாலானவற்றின் அமைப்பு. வழியைக் காட்டுவது ஒருவர்; நடப்பது மற்றவர். எதிரே வருபவனைத் தோளில் தூக்கிச் செல்வதும் இல்லை, பிடரியைப் பிடித்துத் தள்ளுவதும் இல்லை.

ஆற்றுதல் என்பதற்குத் தணித்தல் என்ற பொருளும் உண்டன்றோ? கொதிக்கும் பாலை ஆற்றுகிறோம், அழும் குழந்தையை ஆற்றுகிறோம், புண்ணையும் ஆற்றுகிறோம். முதலில் சூட்டைத் தணித்துப் பிறகு வழியைக் காட்டுவதே இப்பணியின் முறை. கொதித்துக்கொண்டிருக்கும் உள்ளத்தில் அறிவுரை ஏறாது என்பதைப் பிள்ளை வளர்த்த எவரும் அறிவர்.

எங்கிருந்து வந்தது?

இது ஏதோ நேற்று முளைத்த நாகரிகம் என்று எண்ண வேண்டா. 1908-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிராங்க் பார்சன்ஸ் என்பவர், வேலை தேடி அலைந்த ஏழை இளைஞர்களுக்கும் பிற நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் வழிகாட்ட ஓர் அலுவலகம் திறந்தார். அவர் வகுத்த நெறி எளியது. முதலாவது, உன்னை நீ அறிந்துகொள். இரண்டாவது, உலகில் உள்ள தொழில்களை அறிந்துகொள். மூன்றாவது, இவ்விரண்டும் எங்கே பொருந்துகின்றன என்று சிந்தித்துப் பார். அதே ஆண்டில் அவர் காலமானார்; தொழில் தேர்வு குறித்த அவர் நூல் 1909-இல் வெளிவந்தது. தொழில் தேட உதவியாகத் தொடங்கிய இப்பணி, நாளடைவில் பிள்ளையின் படிப்பு, பழக்கம், மனம், குடும்பச் சூழல் அனைத்தையும் தழுவி வளர்ந்தது.

நம் நாட்டிலும் இதைப் பெரியோர் முன்பே உணர்ந்திருந்தனர். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராயிருந்த டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழு, பயிற்சி பெற்ற வழிகாட்டும் அலுவலர்கள் பள்ளிகளுக்கு வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரிக் குழு, வழிகாட்டுதல் கல்வியினின்று பிரிக்க முடியாத பகுதி என்றும், தொடக்கப் பள்ளியிலிருந்தே அது தொடங்க வேண்டும் என்றும் கூறியது. சொல்லி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும் செயல் மட்டும் மெல்லத்தான் நகர்ந்து வந்திருக்கிறது.

நம் திருச்சபை மரபில் இதற்கொரு முன்மாதிரி உண்டு. 1841-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள். இத்தாலியின் தூரின் நகரில் இளங்குரு ஜான் போஸ்கோ பூசைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். பார்த்தலமேயு கரெல்லி என்ற பதினாறு வயதுக் கொத்து வேலைப் பையன் உள்ளே வந்தான். பூசைக்கு உதவி செய்யத் தெரியுமா என்று கோயில்பிள்ளை கேட்க, தெரியாது என்றான் அவன். கோயில்பிள்ளை அவனை அடித்து விரட்டினார். போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்துவரச் செய்து, அருகில் அமர்த்திப் பேசினார். தந்தை இருக்கிறாரா? இல்லை. தாய்? இல்லை. எழுதப் படிக்கத் தெரியுமா? தெரியாது. பாடத் தெரியுமா? தெரியாது. "சீட்டியடிக்கத் தெரியுமா?" என்று கேட்டபோது அந்தப் பையன் சிரித்துவிட்டான் என்பர்.

தெரியாது, இல்லை என்றே விடை சொல்லிப் பழகிய ஒரு பிள்ளையிடம், 'தெரியும்' என்று சொல்லத்தக்க ஒரு கேள்வியைத் தேடிக் கண்டுபிடித்தார் அவர். பிற்காலத்தில் பள்ளிகளுக்கு அவர் வகுத்தளித்த தடுப்புமுறைக் கல்வியின் வித்து அந்தச் சிரிப்பிலே இருந்தது எனலாம். கோயில்பிள்ளையின் கைக்கும் போஸ்கோவின் செவிக்கும் உள்ள வேறுபாடே நாம் இங்கே பேச எடுத்துக்கொண்ட பொருள்.

குற்ற விசாரணை அன்று

இனித் தந்தையின் அச்சத்துக்கு வருவோம். ஆலோசகர் அழைத்தால் பிள்ளை ஏதோ தவறு செய்துவிட்டான் என்று பொருளா? இல்லை. பள்ளியில் ஒழுங்கைக் காப்பது தலைமையாசிரியரின் பொறுப்பு. ஆலோசகர் கையில் பிரம்பும் இல்லை, பெயர் நீக்கும் பதிவேடும் இல்லை. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையின் உடலை வருத்துவதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் எல்லா ஆசிரியருக்குமே தடை செய்திருக்கிறது. ஆலோசகரின் கேள்வி, 'என்ன செய்தாய்?' என்பதன்று, 'உனக்கு என்ன நேர்ந்தது?' என்பதே.

இதை விளக்க, எந்தப் பள்ளியிலும் நிகழக்கூடிய ஒன்றை எண்ணிப் பார்ப்போம். ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன். சென்ற ஆண்டுவரை அமைதியானவன். இவ்வாண்டு காரணமின்றிப் பிற மாணவரை அடிக்கிறான். முதல் பாட வேளையிலேயே தூங்கி விழுகிறான். ஆசிரியர் கண்டித்தார், வெளியே நிறுத்தினார், பயனில்லை. ஆலோசகர் அவனை அழைத்து, அடித்ததைப் பற்றி எதுவும் கேட்காமல், "இரவு எத்தனை மணிக்குத் தூங்குவாய்?" என்று மட்டும் கேட்கிறார். சிறிது நேரம் பேசாதிருந்தவன், "அப்பா தூங்கின பிறகு" என்கிறான். அந்த மூன்று சொற்களிலே ஒரு வீடு முழுவதும் தெரிகிறது. குடித்துவிட்டு வரும் தந்தை, அழும் தாய், தங்கையை அணைத்துக்கொண்டு கதவோரம் விழித்திருக்கும் சிறுவன்! வீட்டில் தடுக்க முடியாத அடியை அவன் பள்ளியில் திருப்பிக் கொடுக்கிறான்.

இவனுக்குத் தண்டனை தருவதால் என்ன பயன்? ஆலோசகர் அவன் மனச்சுமையை இறக்கிவைக்க வாரம் ஒரு வேளை ஒதுக்குகிறார். அவனைக் காலையில் சற்று பரிவோடு நடத்துமாறு வகுப்பாசிரியரிடம், காரணத்தை முழுதும் வெளியிடாமலே, கேட்டுக்கொள்கிறார். தாயை அழைத்துப் பேசுகிறார். தந்தை இசைந்தால் குடிமறப்புச் சிகிச்சைக்கு வழி சொல்கிறார். இத்தனையும் நடந்த பின்னும் அந்த வீடு ஒரு நாளில் மாறிவிடாது. ஆனால், தன் துன்பம் ஒருவருக்காவது தெரியும் என்ற நிலை அச்சிறுவனுக்குப் பெரிய ஊன்றுகோல்.

நோய்ப் பட்டமும் அன்று

தாயின் அச்சம் இதனினும் ஆழமானது. ஆலோசகரிடம் போனால் பிள்ளைக்குப் 'பைத்தியம்' என்ற பெயர் ஒட்டிக்கொள்ளுமே, நாளை திருமணப் பேச்சில் அது இடறுமே என்று கலங்குகிறார்.

காய்ச்சல் வந்த பிள்ளையை மருத்துவரிடம் அழைத்துச் சென்றால் எவரும் இழிவாய்ப் பேசுவதில்லை. உள்ளத்துக்கு வரும் சோர்வும் அவ்வாறே கருதத்தக்கது. அன்றியும், பள்ளி ஆலோசகர் மருத்துவர் அல்லர். அவர் நோய் கண்டறிந்து மாத்திரை எழுதித் தருவதில்லை. அதற்குரிய உரிமையும் அவருக்கு இல்லை. அவரிடம் செல்லும் பிள்ளைகளுள் மிகப் பலர் நோயாளர் அல்லர்; வளரும் பருவத்துக்குரிய இடர்களைச் சந்திப்பவர்களே. புதுப் பள்ளியில் நண்பர் கிடைக்காதவர், ஆங்கில வழிக்கு மாறித் திணறுபவர், கேலிக்கு ஆளாகிறவர், பாட்டியின் மறைவைத் தாங்க இயலாதவர், கைப்பேசி விளையாட்டிலிருந்து கையை எடுக்க இயலாதவர் என்று அவர்கள் பலவகையினர்.

சில வேளைகளில் துன்பத்தின் வேர் மனத்திலேயே இராது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் மதிப்பெண் திடீரெனக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். கவனமில்லை என்கிறார் ஆசிரியர். சோம்பல் என்கிறார் தாய். நல்ல ஆலோசகர் முதலில் கேட்பது, "கரும்பலகை தெரிகிறதா அம்மா?" என்பது. உயரமாய் வளர்ந்ததால் கடைசி வரிசைக்கு மாற்றப்பட்ட அந்தப் பெண்ணுக்குக் கிட்டப்பார்வை; கண்ணாடி போட்டால் கேலி செய்வார்கள் என்று அஞ்சி அவள் சொல்லவில்லை. பார்வை, செவிப்புலன், இரத்தச் சோகை, காலை உணவு, உறக்கம் ஆகியவற்றை முதலில் பார்த்த பின்பே மனத்தைப் பற்றிப் பேசுவது அறிவுடைய ஆலோசகரின் வழக்கம்.

எழுத்துகள் மாறித் தோன்றுவதாலும் கணக்கின் எண்கள் பிடிபடாததாலும் இடர்ப்படும் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் மந்தபுத்தியினர் அல்லர். கற்கும் முறை வேறுபட்டவர்கள். முறையான சோதனைக்குப்பின் சான்றிதழ் பெற்றால், பொதுத் தேர்விலும் கூடுதல் நேரம், எழுதுவதற்கு உதவியாளர் போன்ற சலுகைகள் அவர்களுக்கு உண்டு. பத்தாண்டுகள் 'மக்கு' என்று ஏச்சு வாங்கிய பிள்ளைக்கு, இதை எடுத்துச் சொல்ல ஒருவர் இருந்தால் வாழ்வே மாறிவிடும்.

மெய்யாகவே மருத்துவ உதவி தேவைப்படும் பிள்ளையும் இருக்கலாம். வாரக்கணக்கில் உண்ணாமலும் உறங்காமலும் இருப்பவன், இல்லாத குரல் கேட்பதாய்ச் சொல்பவன், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்பவன் ஆகியோரை ஆலோசகர் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் இதற்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. அப்படி அனுப்பும்போது, தயவுசெய்து மந்திரிக்கவும் கயிறு கட்டவும் ஓடாதீர்கள். செபமும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. மருந்தை நிறுத்திவிட்டுச் செபிப்பதே பிழை.

குடும்ப மானமும் இரகசியமும்

இனிப் பாட்டியின் கேள்வி. வீட்டுச் சங்கதி வெளியே போகாதா? இது நியாயமான கேள்வி. ஆகவே தெளிவான விடை வேண்டும்.

நம் மக்களில் சிலர் ஆலோசகரின் அறையைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியோடு ஒப்பிடுகின்றனர். இரண்டும் வேறு. ஒப்புரவு அருட்சாதனத்தில் குருவிடம் சொன்னது எக்காரணத்தாலும் வெளிப்படாது. உயிரே போவதாயினும் அம்முத்திரை உடைபடாது. அது பாவ மன்னிப்புக்குரிய அருட்சாதனம். ஆலோசகரிடம் பிள்ளை சொல்வது பெரும்பாலும் பாவமன்று, பாரம். அதையும் அவர் காத்து வைப்பார். ஆசிரியர் அறையில் பேசமாட்டார். பிற பெற்றோரிடம் சொல்லமாட்டார். ஆயினும் அவருடைய இரகசியத்துக்கு எல்லைகள் உண்டு. அவ்வெல்லைகளைப் பிள்ளையிடம் முதல் நாளே சொல்லிவிடுவது அவர் கடமை.

பிள்ளை தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ தீங்கு செய்யும் நிலையில் இருந்தால், பெற்றோருக்கும் தலைமையாசிரியருக்கும் அறிவிக்க வேண்டும். இது முதல் எல்லை.

பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் தீங்கு நேர்ந்தது தெரிந்தால், காவல்துறைக்கு அறிவித்தே ஆக வேண்டும். இது இரண்டாவது எல்லை. போக்சோ எனப்படும் 2012-ஆம் ஆண்டின் சட்டம் இதை எல்லார் மீதும் கடமையாக்கியிருக்கிறது. தெரிந்தும் அறிவிக்காதவருக்கு ஆறு மாதம்வரை சிறைத்தண்டனை உண்டு. பிள்ளையின் பெயரையோ அடையாளத்தையோ செய்தித்தாளில் வெளியிடுவதும் அச்சட்டப்படி குற்றம்.

இங்கே நாம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தீங்கு செய்தவர் உறவினராயிருக்கலாம், ஊரில் மதிப்புள்ளவராயிருக்கலாம், பள்ளியிலோ பங்கிலோ பொறுப்பு வகிப்பவராகவும் இருக்கலாம். 'வெளியே தெரிந்தால் மானம் போய்விடும், நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம்' என்று மூடி மறைப்பது, அடிபட்ட ஆட்டுக்குட்டியை மறந்து ஓநாயின் பெயரைக் காப்பதாகும். குடும்ப மானமும் நிறுவனத்தின் நற்பெயரும் பிள்ளையின் உயிரினும் உயர்ந்தவை அல்ல.

தேர்வு முடிவு வரும் நாள்

ஆலோசகரின் பணி உயிர்காக்கும் பணியாய் மாறும் நாள்களும் உண்டு. தேர்வு முடிவு வெளியாகும் நாள் அவற்றுள் ஒன்று. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13,000-க்கு மேற்பட்ட மாணவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். தேர்வு ஒன்று மட்டுமே காரணம் என்று சொல்லிவிட இயலாது. குடும்பப் பூசல், நோய், தனிமை, அவமானம் எனப் பலவும் கூடியே ஓர் உள்ளத்தை முறிக்கின்றன. ஆனால், தேர்வைப் பற்றிய நம் பேச்சு அச்சுமையின் மேல் வைக்கும் கல்லாகிவிடுகிறது.

தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டிலிருந்து மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. பள்ளி வாயிலில் முதலிடம் பெற்றவரின் படத்தை ஆளுயரத்துக்கு எழுப்பும் ஆசை மட்டும் நம்மை விட்டு இன்னும் போகவில்லை. தோல்வியுற்ற பாடத்தை அதே ஆண்டில் துணைத்தேர்வாக எழுதி, அவ்வாண்டிலேயே மேற்படிப்பில் சேரவும் இன்று வழி உண்டு. இதைத் தேர்வு முடிவுக்குப் பின் சொல்வதைவிட, முடிவு வருவதற்கு ஒரு வாரம் முன்பே தந்தையும் தாயும் பிள்ளையின் அருகில் அமர்ந்து சொல்வது நலம். "மதிப்பெண் எப்படி வந்தாலும் நீ எங்கள் பிள்ளை, அடுத்து என்ன செய்யலாம் என்பதைச் சேர்ந்தே பார்ப்போம்" என்று சொல்லச் செலவு என்ன?

அறிகுறிகளைக் கவனியுங்கள். கலகலப்பாய் இருந்தவன் அறைக்குள் அடைந்துகொள்வது, நேசித்த பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது, 'நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி' என்று சொல்வது, திடீரென உணவும் உறக்கமும் மாறுவது ஆகியவற்றை, 'வயசுக் கோளாறு' என்று தள்ளிவிடாதீர்கள். சாவைப் பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகும் என்று பலர் அஞ்சுகின்றனர். அது தவறு என்பது மனநல அறிஞர்கள் ஒப்பிய உண்மை. "வாழவே வேண்டாம் என்று தோன்றுகிறதா, கண்ணு?" என்று அன்போடும் நேராகவும் கேட்பது சுமையை இறக்கி வைக்கும். ஆம் என்று விடை வந்தால் பதறி அழவும் வேண்டா, ஏசவும் வேண்டா. பிள்ளையைத் தனியே விடாதீர்கள்; அன்றைக்கே உதவி தேடுங்கள்.

14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். 2022-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் இச்சேவை நடந்து வருகிறது. தமிழ்நாட்டு அரசின் மருத்துவ உதவி எண் 104. குழந்தைகளுக்கு ஏற்படும் எந்த ஆபத்துக்கும் 1098. இம்மூன்று எண்களையும் எழுதி, மாதக் காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

உயிர்விட முயன்று பிழைத்த பிள்ளையின் மேல் வழக்கு வருமோ என்ற அச்சத்தில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லத் தயங்குவோரும் இருக்கின்றனர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2018-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, அத்தகையவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்படுவார், தண்டிக்கப்படமாட்டார். அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் அது கூறுகிறது. நம் திருச்சபையும் அத்தகையோரைக் கண்டனத்தோடு அல்ல, இரக்கத்தோடும் செபத்தோடும் நோக்குமாறே போதிக்கிறது.

எத்தனை பள்ளிகளில்?

இத்தனை சொன்ன பின், "எங்கள் பிள்ளையின் பள்ளியில் ஆலோசகரே இல்லையே!" என்று கேட்பீர்கள். மெய்தான். 250 மாணவருக்கு ஓர் ஆலோசகர் வேண்டும் என்பது அமெரிக்கப் பள்ளி ஆலோசகர் சங்கத்தின் பரிந்துரை. நம் நாட்டில் பல்லாயிரம் பள்ளிகளில் ஒருவர்கூட இல்லை. 2025-ஆம் ஆண்டு ஜூலையில் உச்சநீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிலையங்கள் தகுதி பெற்ற ஆலோசகர், உளவியலார் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையேனும் அமர்த்த வேண்டும் என்று நெறிமுறை வகுத்தது. ஆணை பிறந்துவிட்டது, அதை நம் ஊர்ப் பள்ளிக்குக் கொண்டுவருவது பெற்றோர் கேட்கும் கேள்வியைப் பொறுத்தது.

பெற்றோர்–ஆசிரியர் கழகக் கூட்டத்தில், சுற்றுச்சுவரையும் ஆண்டு விழாவையும் பற்றி மட்டும் பேசாமல், நான்கு கேள்விகளைக் கேட்கலாம். நம் பள்ளியில் ஆலோசகர் உண்டா? அவர் உளவியலிலோ சமூகப் பணியிலோ முறையாகப் பயின்றவரா? பிள்ளை கூச்சமின்றி வந்து பேச, பிறர் காதில் விழாத ஓர் அறை இருக்கிறதா? அவரை ஆலோசகராகவே பணிசெய்ய விடுகிறீர்களா, அல்லது ஆசிரியர் வராத வகுப்புகளைப் பார்த்துக்கொள்ள அனுப்பிவிடுகிறீர்களா? கடைசிக் கேள்வி சிறிதெனத் தோன்றலாம். ஆனால், காலையில் வகுப்பை அதட்டி அடக்கியவரிடம் மாலையில் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

தனியே ஒருவரை அமர்த்த இயலாத சிறு பள்ளிகள், அருகிலுள்ள பள்ளிகளோடு சேர்ந்து ஒருவரை வாரம் ஒரு நாள் வரவழைக்கலாம். பத்துப் பள்ளிகளுக்கு ஒரு வருகை ஆலோசகர் என்று கோத்தாரிக் குழுவே வழி சொல்லியிருந்தது. நம் மறைமாவட்டங்களில் உளவியல் கற்ற கன்னியர், குருக்கள், பொதுநிலையினர் பலர் உள்ளனர். சமூகப் பணித் துறையுள்ள கல்லூரிகளும் உள்ளன. பங்குப் பேரவையும் அன்பியங்களும் முன்வந்தால், பங்குப் பள்ளியின் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி, பக்கத்து அரசுப் பள்ளியின் பிள்ளைகளுக்கும் எம்மதத்தவராயினும் இவ்வுதவி கிட்டும். ஆனால் ஓர் எச்சரிக்கை! நல்ல மனம் மட்டும் போதாது. பயிற்சியற்ற ஒருவர் ஆர்வத்தால் பிள்ளையின் காயத்தைக் கிளறிவிட்டு மூடத் தெரியாமல் நிற்பது கேடு.

பெற்றோர் செய்ய வேண்டுவன

பெற்றோரே பிள்ளைகளின் முதன்மையான கல்வியாளர் என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. ஆலோசகர் எவ்வளவு திறமையுடையவராயினும், வாரத்தில் ஒரு மணிநேரம் பார்ப்பவரே. மற்ற நேரமெல்லாம் பிள்ளை நம்மிடம் இருக்கிறது. ஆகவே சில சொல்ல விரும்புகிறோம்.

அழைப்பு வந்தால் தவறாமல் செல்லுங்கள். இயலுமாயின் இருவரும் செல்லுங்கள். தந்தை வெளிநாட்டில் உழைப்பவராயின் தொலைபேசியிலாவது பேசட்டும். பிள்ளை வளர்ப்பு தாய்க்கு மட்டும் எழுதிவைத்த வேலையன்று.

ஆலோசகரிடம் உள்ளதை மறைக்காதீர்கள். கடன், குடி, பிரிவு, நோய் எதுவாயினும் பிள்ளை அதை முன்பே அறிந்திருக்கிறது. நாம் மறைப்பது நமக்கு நாமே போடும் திரை.

அறையை விட்டு வெளியே வந்த பிள்ளையை, "உள்ளே என்ன சொன்னாய்? என்னைப் பற்றி ஏதாவது சொன்னாயா?" என்று குடையாதீர்கள். சொல்லத்தக்கதை அது தானே சொல்லும்.

பதினொன்றாம் வகுப்பில் பாடப் பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது, மகன் வணிகவியல் கேட்க நாம் உயிரியலில் சேர்த்துவிட்டு, பிறகு ஏன் மதிப்பெண் இல்லை என்று கேட்பது முறையா? பார்சன்ஸ் சொன்ன மூன்று படிகளையும் வீட்டு மேசையில் வைத்து, பிள்ளையோடு எண்ணிப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நாள்தோறும் கால் மணிநேரம், தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் அணைத்துவிட்டுப் பிள்ளை பேசுவதைக் கேளுங்கள். "எத்தனை மார்க்?" என்பதற்கு மாறாக, "இன்று எது கடினமாய் இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். சொல்லத் தொடங்கிய உடனே திருத்தவும் ஒப்பிடவும் புகாதீர்கள். 'உன் வயதில் நான்' என்று நம் வாய் தொடங்கும்போதே பிள்ளையின் வாய் மூடிக்கொள்கிறது.

இல்லத்தில் கேட்கும் செவி இருந்தால் பள்ளி ஆலோசகரின் பணி பாதியாகக் குறையும். அச்செவி இல்லாத இல்லத்துப் பிள்ளைக்கோ, அவர் அறைக் கதவு ஒன்றே திறந்த கதவு. அடுத்த முறை அந்தச் சிறு சீட்டு நம் வீட்டுக்கு வந்தால், குற்றப் பத்திரிகை வந்ததாய் நடுங்க வேண்டா. நம் பிள்ளையை நம்மோடு சேர்ந்து நேசிக்க இன்னொருவர் முன்வந்திருக்கிறார் என்று எண்ணி, பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வியாழனன்று புறப்படுவோம்.